கூப்பிட்டால் திரும்புகிறார், பேச்சுதான் புரியவில்லை: காது டெஸ்ட் எதற்கு, எப்படி, எத்தனை நாளுக்கு ஒருமுறை?

கேள்வி இதுதான். திருவொற்றியூரில் கேட், கிரில் செய்யும் பட்டறை வைத்திருக்கும் அப்பாவுக்கு வயது 57. அவர் டிவி வைக்கும் சத்தம் மாடி வீடு வரைக்கும் கேட்கிறது. கூப்பிட்டால் திரும்புகிறார், ஆனால் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்டால், "எனக்கு நல்லாத்தான் கேக்குது, நீங்கதான் வாய்க்குள்ளயே பேசுறீங்க" என்கிறார். டெஸ்ட் அவசியமா, அதில் என்ன செய்வார்கள், ஒருமுறை எடுத்தால் போதாதா, காது மெஷின் கடையில் இலவசமாக எடுத்துக்கொள்ளலாமா என்று மகன் கேட்டிருக்கிறார். லீவு நாளில் தானும் பட்டறையில் கிரைண்டிங் பிடிப்பதாகப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்.

அவசியம்தான். அப்பாவுக்கு மட்டுமில்லை, அந்தக் கடைசி வரிக்காக உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். இன்னும் சரியாகச் சொன்னால், இப்போது எடுக்கும் டெஸ்டால் உங்கள் அப்பாவைவிட உங்களுக்குத்தான் லாபம் அதிகம். ஏன் என்பது கொஞ்சம் கீழே வரும்.

முதலில் அப்பா சொல்வதை எடுத்துக்கொள்வோம். அவர் பொய் சொல்லவில்லை, வீம்பும் பிடிக்கவில்லை. அவருக்குச் சத்தம் கேட்கிறது. உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு குழல் இருக்கிறது. அதற்குள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 முடிச்செல்கள், அதாவது முடி மாதிரி நுனி உள்ள, ஒலியை உணரும் செல்கள், வரிசையாக நிற்கின்றன. வாசல் பக்கம் நிற்பவை கீச்சென்ற உயர்ந்த ஒலிகளுக்கு, உள்ளே தள்ளி நிற்பவை தடித்த ஒலிகளுக்கு. வயதானாலும், இரைச்சலில் அடிபட்டாலும் முதலில் சாவது வாசல் பக்கத்துச் செல்கள்தான். மனிதக் காதில் செத்த முடிச்செல் திரும்ப முளைப்பதில்லை. உள்ளே இருப்பவை நன்றாக இருப்பதால் லாரி ஹாரன், கதவு சாத்துவது, "அப்பா" என்று கூப்பிடுவது எல்லாம் கேட்கும்.

பேச்சில் என்ன நடக்கிறது என்றால், ஆ, ஓ, ஊ மாதிரி உயிரொலிகள் தாழ்ந்த அலைவரிசையில் இருக்கின்றன. சத்தத்தின் பலமே அவைதான். ச, ஸ, ஷ, க, ட, த இவற்றின் கூர்மை பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கிறது (ஹெர்ட்ஸ் அதிகமானால் ஒலி கீச்சாகும்), சத்தமும் குறைவு. ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரிப்பது இந்தக் குறைந்த சத்தம்தான். அது போனால் காசும் காதும் ஒன்றாகிவிடும், பத்தும் பட்டும் ஒன்றாகிவிடும். யாரோ பேசுவது தெரியும், என்ன பேசினார் என்பது மட்டும் நழுவிவிடும். ஆண் குரலைவிடப் பெண் குரலும் குழந்தைக் குரலும் சிக்கலாக இருக்கும். எதிரில் உட்கார்ந்து பேசினால் உதட்டைப் பார்த்து மூளை மீதியை நிரப்பிக்கொள்ளும். போனில் பேசினாலோ, கல்யாண மண்டபத்தில் பேசினாலோ நிரப்ப முடியாது. "வாய்க்குள்ளயே பேசுறீங்க" என்பது இதில் வரும் முதல் வசனம். வீட்டுக்கு வீடு இதையே கேட்கலாம்.

இது வருஷக்கணக்கில் மெதுவாக நடப்பதால் நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசமே தெரியாது. வீட்டில் இருப்பவர்களும் தங்களை அறியாமல் குரலை உயர்த்திப் பேசப் பழகிவிடுவார்கள். ஆகவே காது போவது கடைசியாகத் தெரியவருவது காதுக்கு உரியவருக்குத்தான். "எனக்குக் கேக்குது" என்ற அவருடைய சாட்சியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

வடசென்னையில் இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். பேசின் பிரிட்ஜிலிருந்து எண்ணூர் வரைக்கும் நம் ஜனம் இரைச்சலில் சம்பாதித்த ஜனம். பழைய பி அண்ட் சி மில் தறி, பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையின் தகட்டு வேலை, மணலி கம்பெனிகளின் கம்ப்ரசர், காசிமேட்டு விசைப்படகின் டீசல் இன்ஜின், துறைமுகச் சாலையில் இரவெல்லாம் போகும் கன்டெய்னர் டிரெய்லர். இது போதாதென்று ஆடி மாதம் தெருவுக்கு நாலு ஸ்பீக்கர் பாக்ஸ், சாவுக்கு வெடி. வேலையை விடச் சொல்லவில்லை, கணக்கு என்ன என்று மட்டும் பார்ப்போம்.

தொழில் சுகாதார ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பாதுகாப்பு வரம்பு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2, அப்படியே போனால் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். கையில் பிடிக்கும் கிரைண்டிங் மெஷின் இரும்பில் பட்டால் 95, 100 என்று சர்வசாதாரணமாகப் போகும். ஒரு கேட்டுக்கு வெல்டிங் தட்டித் தேய்க்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று நீங்களே பாருங்கள். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை விடுகின்றன. என்னைக் கேட்டால் அது தாராளம். காதில் பஞ்சு வைத்துக்கொள்வதும் பிரயோஜனமில்லை, சாதாரணப் பஞ்சு சத்தத்தைப் பெரிதாகத் தடுக்காது. சுருட்டி உள்ளே விடும் நுரை அடைப்பான் விலை மிகக் குறைவு. அதை நன்றாகச் சுருட்டி, மறு கையால் காதை மேலே இழுத்துப் பிடித்து, முழுசாக உள்ளே விட வேண்டும். பாதி வெளியே தொங்கினால் பஞ்சுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

டெஸ்டில் என்ன செய்வார்கள்? ஊசி, ரத்தம், வலி எதுவும் இல்லை. முழுதாகச் செய்தால் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம். முதலில் கேள்விகள்: என்ன வேலை, எந்தக் காது, காதுக்குள் ஙொய்ங் என்று சத்தம் வருகிறதா, தலைசுற்றல் உண்டா, சீழ் வந்திருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா, என்ன மாத்திரை. டி.பி.க்கு முன்பு ஊசி போட்டிருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். ஸ்ட்ரெப்டோமைசின், கானாமைசின், அமிகாசின் வகை ஊசிகள் உள்காதைக் கெடுக்கக்கூடியவை. சில புற்றுநோய் மருந்துகளும், குறிப்பாக சிஸ்பிளாட்டின், அப்படித்தான்.

பிறகு விளக்கு வைத்த சிறு குழலால் காதுக்குள் பார்ப்பார்கள். நம் ஊரில் பாதி சஸ்பென்ஸ் இங்கேயே உடைந்துவிடும். குறும்பி கட்டியாக அடைத்திருக்கும், அல்லது ஜவ்வில் ஓட்டை இருக்கும். காது பட்ஸ் குறும்பியை எடுப்பதைவிட உள்ளே தள்ளுவதுதான் அதிகம். ஜவ்வில் ஓட்டை இருப்பது தெரியாமல் காய்ச்சிய எண்ணெய் விடுவது அதைவிட மோசம். குறும்பி அடைப்பு மட்டும்தான் என்றால் டாக்டர் எடுத்துவிட்டதும் கதை முடிந்தது. எடுக்காமல் டெஸ்டுக்கு உட்கார வைத்தால் வரும் சார்ட் தப்பாக இருக்கும்.

அடுத்து ஆடியோமெட்ரி. சத்தம் புகாத ஒரு சின்ன அறை. ஹெட்போன் மாட்டிவிட்டு, கையில் ஒரு பட்டன் கொடுப்பார்கள். 'பீப்' என்று சன்னமாகக் கேட்டால் அழுத்த வேண்டும். கேட்ட மாதிரி இருக்கிறதே என்று சந்தேகம் வந்தாலும் அழுத்த வேண்டும், ஏனென்றால் தேடுவதே கேட்டும் கேட்காத அந்த எல்லையைத்தான். 250 ஹெர்ட்ஸிலிருந்து 8000 வரை ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாகப் போகும். நம் ஆண்கள் பலர் இதைப் பரீட்சை மாதிரி நினைத்து, ஜெயிக்க வேண்டும் என்று தாறுமாறாக அழுத்துவார்கள். டெஸ்ட் எடுக்கும் அனுபவமுள்ள ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) கண்டுபிடித்துவிடுவார், ஆனால் நேரம் வீண்.

அதன்பின் காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு சின்ன அதிர்வியை வைத்து அதே டெஸ்ட். ஹெட்போனில் கேட்பது குறைவு, எலும்பு வழியாகக் கேட்பது சரியாக இருக்கிறது என்றால், கோளாறு வெளிக்காதிலோ நடுக்காதிலோ. அதில் பெரும்பாலானவற்றுக்கு மருந்தோ ஆபரேஷனோ உண்டு. இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் உள்காதோ நரம்போ. நடுவில் ஒரு காதில் 'ஷ்ஷ்' என்று இரைச்சல் விட்டு மறு காதைச் சோதிப்பார்கள். நல்ல காது கெட்ட காதுக்கு உதவாமல் இருக்க அது. டிம்பனோமெட்ரியில் காதில் ஒரு ரப்பர் முனையை வைத்துக் காற்றழுத்தத்தை மாற்றுவார்கள், லிஃப்டில் போகும்போது அடைக்கிற மாதிரி சில நொடி இருக்கும். ஜவ்வு எப்படி அசைகிறது, பின்னால் நீர் கோத்திருக்கிறதா என்பது அதில் தெரியும்.

இத்தோடு நிறுத்தும் இடங்கள் உண்டு. விடாதீர்கள், பேச்சு டெஸ்டையும் கேளுங்கள். தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, திருப்பிச் சொல்ல வைப்பார்கள். 'பீப்' எவ்வளவு சன்னமாகக் கேட்டது என்பதைவிட, கேட்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்ன சொற்களில் எத்தனை சரியாக வந்தன என்பதுதான் உங்கள் அப்பாவின் பிரச்சினைக்கு நேரான பதில். காது மெஷின் வைத்தால் அவருக்கு எவ்வளவு உதவும் என்பதையும் இதை வைத்துத்தான் ஓரளவு கணிக்க முடியும்.

கையில் தரும் சார்ட்டைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள், கஷ்டமில்லை. இடமிருந்து வலம் தடித்த ஒலியிலிருந்து கீச்சொலி. மேலிருந்து கீழ் சத்தத்தின் அளவு. சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. கோடு எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு குறைபாடு. உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய வகைப்பாட்டில் 20 டெசிபலுக்குக் கீழ் சராசரி இருந்தால் இயல்பு, 35 வரை லேசானது, 50 வரை நடுத்தரம், 65 வரை அதற்கும் அடுத்த படி. "40 டெசிபல்னா 40 சதவீதம் காது போச்சு" என்று நிறையப் பேர் சொல்வார்கள், அது தப்பு. டெசிபல் சதவீதம் இல்லை. மாற்றுத்திறனாளி சான்றிதழில் போடும் சதவீதம் தனிச் சூத்திரத்தில் வருவது.

பட்டறைக்காரர்கள் பார்க்க வேண்டிய இடம் 4000 ஹெர்ட்ஸ். இரைச்சலில் கெட்ட காதில் அந்த இடத்தில் கோடு பள்ளமாக விழுந்து, 8000-இல் கொஞ்சம் மேலே ஏறும். வயதால் மட்டும் போன காதில் ஏறாது, வலதுபக்கம் போகப் போகச் சரிந்துகொண்டே இருக்கும். வயதும் இரைச்சலும் சேர்ந்தால் பள்ளம் சரிவில் கரைந்துவிடும். உங்கள் அப்பாவுக்கு அப்படித்தான் இருக்கும் என்று என் ஊகம்.

இப்போது உங்கள் விஷயம். ஒரே ஒரு சார்ட் இன்றைய நிலையை மட்டும் சொல்லும். அப்பாவுக்கு 4000-இல் 50 டெசிபல் வருகிறது என்று வையுங்கள். பத்து வருஷமாக அப்படியே நிற்கிறதா, போன வருஷம் 30 ஆக இருந்து இப்போது வேகமாக விழுகிறதா என்று அந்த ஒரு தாளைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. உங்களுக்கு இன்று அதே இடத்தில் 5 டெசிபல், மூன்று வருஷம் கழித்து 25 என்று வைத்துக்கொள்வோம். மற்ற அலைவரிசைகள் நன்றாக இருப்பதால் சராசரி இன்னும் 'இயல்பு' என்றே வரும். உங்களுக்கும் ஒன்றும் தெரியாது, வீட்டிலும் ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். பழைய தாள் இல்லாவிட்டால் டாக்டரும் "நார்மல்" என்று அனுப்பிவிடுவார். பழைய தாள் இருந்தால் 20 டெசிபல் இறங்கியிருப்பது கண்ணில் படும், அடைப்பான் போடாமல் கிரைண்டிங் பிடிப்பதை அன்றைக்கே நிறுத்தலாம். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதியில் 2000, 3000, 4000 ஹெர்ட்ஸ் சராசரி முதல் சார்ட்டிலிருந்து 10 டெசிபல் இறங்கினாலே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று இருக்கிறது. டெஸ்டுக்கு டெஸ்ட் 5 டெசிபல் முன்னே பின்னே வருவது சகஜம், அதற்காகப் பயப்பட வேண்டாம். முறையாகத் திரும்பத் திரும்ப எடுக்கச் சொல்வது இந்த ஒப்பீட்டுக்காகத்தான். ஆகவே ஒவ்வொரு சார்ட்டையும் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். டிம்பனோமெட்ரி பெரும்பாலும் பில் தாள் மாதிரியான தாளில் வரும், கொஞ்ச காலத்தில் வெளுத்துவிடும்.

கம்பெனியில் வேலை செய்பவர்களுக்கு அந்தத் தாள் காசு பெறும். இரைச்சலால் வரும் செவித்திறன் குறைபாடு தொழிலாளர் சட்டத்தில் அறிவிக்க வேண்டிய நோயாக, அதாவது அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக இருக்கிறது. இ.எஸ்.ஐ.யிலும் அது தொழில்சார் நோய். வேலைக்குச் சேர்ந்தபோது நன்றாக இருந்தது என்று காட்டப் பழைய சார்ட்டைவிட நல்ல சாட்சி கிடையாது. உங்கள் பட்டறையில் ஆள் வைத்திருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? இரைச்சலில் வேலை செய்பவர்கள் எந்த வயதானாலும் வருஷத்துக்கு ஒருமுறை. மற்றவர்கள் ஐம்பது தாண்டியதும் ஒன்று எடுத்து வைத்துவிட்டு, அது நன்றாக இருந்தால் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை. சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இன்னும் கொஞ்சம் அடிக்கடி. பிறந்த குழந்தைக்கு 1 மாதத்துக்குள் ஸ்க்ரீனிங், சந்தேகம் என்றால் 3 மாதத்துக்குள் பெரா டெஸ்டில் (சத்தத்துக்குச் செவி நரம்பு தரும் பதிலை அளப்பது) உறுதி, 6 மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலகளாவிய கணக்கு. பட்டன் அழுத்தத் தெரியாத குழந்தைக்கு, தூங்கும்போதே எடுக்கிற டெஸ்டுகள் இருக்கின்றன. "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்" என்று காத்திருக்கும் பாட்டிகளோடு சண்டை போட்டாவது கூட்டிப் போங்கள். உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் ஆபரேஷனை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குள்தான் செய்கிறார்கள், சீக்கிரம் செய்தால்தான் பேச்சும் வரும்.

இந்த வருஷக் கணக்கெல்லாம் பொருந்தாத ஒரு நிலை உண்டு. காலையில் எழுந்ததும் ஒரு காது திடீரென்று மந்தமாகிவிட்டது, அல்லது இரண்டு மூன்று நாளுக்குள் விழுந்துவிட்டது என்றால், சளி அடைப்பு என்று சும்மா இருக்காமல் அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போக வேண்டும். ஸ்டீராய்டு கொடுத்துக் காப்பாற்றும் வாய்ப்பு முதல் இரண்டு வாரத்துக்குள்தான் நன்றாக இருக்கும். அதே போல ஒரு காது மட்டும் குறைந்துகொண்டே போனால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். செவி நரம்பில் கட்டி எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான் அது, செலவு என்று தட்டிக் கழிக்காதீர்கள்.

எங்கே போவது? உங்களுக்குப் பக்கம் ஓல்டு ஜெயில் ரோடு ஸ்டான்லி ஆஸ்பத்திரி. காது மூக்கு தொண்டைப் பிரிவு ஓ.பி.க்குக் காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் இருக்கும். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அயனாவரம், ரயில்வே குடும்பம் என்றால் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரி. தனியாரில் போனால் டெஸ்ட் எடுப்பவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்த ஆடியாலஜிஸ்டா என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

காது மெஷின் கடை இலவச டெஸ்டைப் பற்றி: டெஸ்ட் மோசம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல மாட்டேன், தகுதியான ஆடியாலஜிஸ்டுகள் அங்கேயும் இருக்கிறார்கள். ஆனால் அந்த டெஸ்ட் இலவசமாக இருப்பதற்குக் காரணம் மெஷின் விற்பதுதான். குறும்பியோ ஜவ்வு ஓட்டையோ உள்ளவருக்கும் அங்கே கேட்லாக் வந்துவிடலாம். முதலில் டாக்டர் காதைப் பார்க்கட்டும், சார்ட் கையில் வரட்டும், அப்புறம் கடை. மெஷினை வீட்டுக்குக் கொண்டுபோய் சில நாள் வைத்துப் பார்க்க விடாத இடத்தில் வாங்க வேண்டாம். செல்போன் ஆப் டெஸ்ட் சந்தேகத்தைக் கிளப்ப உதவும், அதை வைத்து மெஷின் வாங்கக் கூடாது.

அப்பாவை எப்படிக் கிளப்புவது? காது கேட்காவிட்டால் மறதி நோய் வரும் என்று பயமுறுத்தும் வீடியோக்கள் நிறைய சுற்றுகின்றன. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம், மறதி நோய்க்கான மாற்றக்கூடிய ஆபத்துக் காரணிகளில் ஒன்றாகக் காது கேளாமையைச் சேர்த்திருப்பது உண்மை. ஆனால் 2023-இல் வெளிவந்த பெரிய சோதனையில், மெஷின் வைத்ததால் மறதிக்கு ஒட்டுமொத்தமாகப் பலன் தெரியவில்லை, ஏற்கெனவே ஆபத்து அதிகம் இருந்த முதியவர்களிடம்தான் தெரிந்தது. ஆகவே பயம் காட்டிக் கூட்டிப் போகாதீர்கள். "நான் எனக்கு எடுக்கப் போறேன், கூட வாப்பா, நீயும் ஒண்ணு எடுத்துக்க" என்று சொன்னால் வருவார். அவருக்கும் மானம் போகாது, உங்கள் டெஸ்டும் நடந்துவிடும்.

எந்த நாளில் டெஸ்ட் என்பதை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கிரைண்டிங் முடித்த கையோடு போனால் காது தற்காலிகமாக மந்தமாக இருக்கும், சார்ட் உள்ளதைவிட மோசமாகக் காட்டும். குறைந்தது 14 மணி நேரம் இரைச்சல் இல்லாமல் இருந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பட்டறையை மூடிவிட்டு, கல்யாணம் கச்சேரி என்று எங்கேயும் போகாமல், இரண்டு பேரும் திங்கட்கிழமை காலையில் போங்கள்.